பெர்மாங்கனேட் டைட்ரேஷன் தப்பும்போது: நிறத்தையும் ரீடிங்கையும் வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி?

பிராக்டிகல் வகுப்பில் ஒரு பிள்ளை கூம்புக் குடுவையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தால், வாயைத் திறக்கும் முன்பே பாதி சங்கதி குடுவையில் தெரிந்துவிடும். டிக்காஷன் மாதிரிக் கலங்கியிருந்தால் ஒரு காரணம். முதல் சொட்டிலேயே இளஞ்சிவப்பு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று நின்றால் வேறு காரணம். நிறமெல்லாம் சரியாக வந்து, விடை மட்டும் ஐந்து மடங்கு எகிறியிருந்தால் அந்தத் தப்பு மேசையில் நடக்கவில்லை, நோட்டில் நடந்திருக்கிறது.

பிளஸ் டூ மாணவர்கள் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வைத்து மோர் உப்பு (ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்), ஃபெரஸ் சல்ஃபேட், ஆக்சாலிக் அமிலம் இவற்றின் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனைகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பியூரெட் என்ற கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைக் குடுவையில் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவில் வினை முடிகிறது (எண்ட் பாயின்ட்) என்று பார்ப்பதுதான் டைட்ரேஷன்; அந்த அளவுதான் ரீடிங். சமன்பாட்டைச் சமன் செய்வது ஒரு பாடம், டைட்ரேஷன் வேறு பாடம் என்று பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாக மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலை. சமன்பாட்டின் இடப்பக்கத்தில் எழுதிய ஒரு பொருள் குடுவையில் குறைந்தால், அந்தக் குறை நிறமாகவோ ரீடிங்காகவோ வெளியே வந்தே தீரும். அதனால் தப்பு எங்கே என்று தேடும்போது பியூரெட்டைத் தொடும் முன் சமன்பாட்டை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருகிற ஒவ்வொரு அறிகுறிக்கும் அந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

தாளில் இருக்க வேண்டியது

பெர்மாங்கனேட் அயனியில் ஒரு மாங்கனீசு, நான்கு ஆக்சிஜன், ஒரு எதிர் மின்சுமை. அமிலத்தில் அது மாங்கனஸ் அயனியாக மாறும். அதற்கு இரண்டு நேர் மின்சுமை. மாங்கனீசு இரு பக்கமும் ஒன்று, சரி. இடப்பக்கம் உள்ள 4 ஆக்சிஜனும் வலப்பக்கம் 4 நீர் மூலக்கூறாகப் போகட்டும். இப்போது வலப்பக்கம் 8 ஹைட்ரஜன் வந்துவிட்டது. அதற்கு ஈடாக இடப்பக்கம் 8 ஹைட்ரஜன் அயனி போட வேண்டும். அணுக்கள் சமம். மின்சுமை? இடப்பக்கம் −1, +8 சேர்ந்து +7. வலப்பக்கம் +2. இடப்பக்கம் 5 எலக்ட்ரானைச் சேர்த்தால் இரண்டும் +2 ஆகும்.

அந்த 5 எலக்ட்ரானை யார் தருவது? ஃபெரஸ் அயனி (+2 மின்சுமை உள்ள இரும்பு) ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெரிக் (+3) ஆகும். ஆகவே ஒரு பெர்மாங்கனேட்டுக்கு 5 ஃபெரஸ். ஆக்சலேட் அயனி 2 எலக்ட்ரானைக் கொடுத்து 2 கார்பன் டை ஆக்சைடாகப் பிரியும். 5-க்கும் 2-க்கும் பொது மடங்கு 10. அதனால் 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 ஆக்சலேட்; ஹைட்ரஜன் அயனி 16; வலப்பக்கம் 2 மாங்கனஸ், 10 கார்பன் டை ஆக்சைடு, 8 நீர்.

எழுதி முடித்ததும் மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள். இரும்புச் சமன்பாட்டில் இடப்பக்கம் −1, +8, +10 சேர்ந்து +17. வலப்பக்கம் +2, +15 சேர்ந்து +17. இதை நான் விடாமல் வற்புறுத்தக் காரணம் உண்டு. 5 ஃபெரஸுக்குப் பதில் ஒரே ஒரு ஃபெரஸ் எழுதினாலும் அணுக்கள் எல்லாம் சமமாகத்தான் நிற்கும். மாங்கனீசு ஒன்றுக்கு ஒன்று, இரும்பு ஒன்றுக்கு ஒன்று, ஆக்சிஜன் நான்கு, ஹைட்ரஜன் எட்டு. எண்ணிப் பார்க்கிறவர் சரி என்று டிக் போட்டுவிடுவார். மின்சுமை மட்டும்தான் இடப்பக்கம் +9, வலப்பக்கம் +5 என்று காட்டிக்கொடுக்கும். அணுக்களை எண்ணியதோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு இந்தத் தப்பு கடைசிவரை கண்ணில் படாது. விடை ஐந்து மடங்கு போன பிறகுதான் தெரியும்.

குடுவை பழுப்பாகிறது

அதிகம் வரும் புகார் இதுதான்.

“மிஸ், மூணாவது தடவையும் பிரவுன் ஆயிடுச்சு மிஸ்.”

“ஆசிட் ஊத்துனியாம்மா?”

“ஊத்துனேன் மிஸ். ஒரு டெஸ்ட் டியூப் ஃபுல்லா.”

“எந்த பாட்டில்ல இருந்து எடுத்தே, காட்டு.”

அவள் காட்டிய பாட்டிலில் லேபிள் ஈரத்தில் ஊறிப் பாதி உரிந்திருந்தது. நீல லிட்மஸ் தாளைக் கிள்ளி அதில் நனைத்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. பாட்டிலில் இருந்தது காய்ச்சி வடித்த நீர். மூன்று முறையும் அந்தப் பிள்ளை அமிலம் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். டைட்ரேஷன் முதலில் ஒழுங்காகப் போவது போலிருந்து பாதியில் பழுப்பானதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மோர் உப்பைக் கரைக்கும்போது நாங்கள் சேர்த்திருந்த கொஞ்ச அமிலம் அதுவரை தாங்கியது. அது தீர்ந்ததும் கரைசல் கலங்கத் தொடங்கிவிட்டது.

தாளைப் பாருங்கள். ஒரு பெர்மாங்கனேட் மாங்கனஸ் ஆக 8 ஹைட்ரஜன் அயனி வேண்டும். அது கிடைக்காவிட்டால் மாங்கனீசு பாதி வழியில், மாங்கனீசு டை ஆக்சைடாக நின்றுவிடும். தண்ணீரில் கரையாத அந்தப் பழுப்புத் தூள்தான் குடுவையைக் கலக்குகிறது. பாதி வழியில் நின்ற மாங்கனீசு வாங்கிய எலக்ட்ரான் 3. முழு வழி போயிருந்தால் 5. ஆக, ஒவ்வொரு பெர்மாங்கனேட்டும் செய்ய வேண்டிய வேலையில் ஐந்தில் மூன்று பங்குதான் செய்கிறது. 18 மி.லி.யில் முடிய வேண்டிய டைட்ரேஷன், முழுக்க இப்படியே நடந்தால் 30 மி.லி. வரை இழுக்கும்.

செய்ய வேண்டியது: அந்தக் குடுவையைக் கொட்டிவிடுங்கள். பழுப்பு வந்தபின் அமிலத்தை ஊற்றினால் சில சமயம் தெளியும். தெளிந்தாலும் அந்த ரீடிங்கை நம்ப முடியாது. புதிதாக மோர் உப்புக் கரைசல் 20 மி.லி. எடுத்து, நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம் ஒரு முழுச் சோதனைக் குழாய், அதாவது ஏறக்குறைய 20 மி.லி., சேர்த்துத் தொடங்குங்கள். தேவைக்கு மேல் கொஞ்சம் கூடினால் கெடுதல் கிடையாது.

அமிலம் சரியாக இருந்தும் பழுப்பு வந்தால் இன்னும் மூன்று இடம் பார்க்கலாம். குழாயை முழுக்கத் திறந்து விட்டுக் குடுவையைச் சுழற்றாமல் இருந்தீர்களா? பெர்மாங்கனேட் விழுந்த இடத்தில் மட்டும் குவிந்து பழுப்பாகும். ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்க மறந்தீர்களா? அதற்குக் கீழே தனியாகச் சொல்கிறேன். மூன்றாவது, பெர்மாங்கனேட் கரைசலே பழையதா? பாட்டிலின் அடியிலும் சுவரிலும் பழுப்புப் படிவு தெரிந்தால் கரைசல் ஏற்கெனவே சிதைய ஆரம்பித்துவிட்டது. வெளிச்சம் பட்டால் சிதையும். சிதைந்து வந்த மாங்கனீசு டை ஆக்சைடே மேலும் சிதைவைத் தூண்டும். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். வடிகட்டும்போது வடிதாளைப் பயன்படுத்தக் கூடாது. தாளும் கரிமப் பொருள்தானே, பெர்மாங்கனேட் அதையும் ஆக்சிஜனேற்றம் செய்யும். கண்ணாடிக் கம்பளிதான் சரி.

பழுப்பு இல்லை; ஆனால் ரீடிங் வேண்டாத உயரத்துக்குப் போகிறது

எந்த அமிலத்தை எடுத்தீர்கள் என்று பாருங்கள். லேப் அலமாரியில் மூன்று நீர்த்த அமிலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்திருந்தால் பெர்மாங்கனேட் குளோரைடையும் குளோரினாக ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். குடுவையில் இரும்பு இருக்கும்போது இது இன்னும் எளிதாக நடக்கும். நம் சமன்பாட்டில் இல்லாத ஒரு ஆள் வரிசையில் நுழைந்து பெர்மாங்கனேட்டை வாங்கிக்கொண்டு போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீடிங் ஏறத்தானே செய்யும்?

நைட்ரிக் அமிலம் என்றால் தலைகீழ். அதுவே ஓர் ஆக்சிஜனேற்றி. பெர்மாங்கனேட் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கைத் தானே செய்துவிடுவதால் ரீடிங் குறையும். சல்ஃப்யூரிக் அமிலம் இரண்டு பக்கமும் சேராது, ஹைட்ரஜன் அயனியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும்.

இரும்புத் தாதுவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான் கரைக்க முடியும் என்ற நிலை வரும் ஆய்வகங்களில் சிம்மர்மன்–ரைன்ஹார்ட் கரைசல் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அதில் மாங்கனஸ் சல்ஃபேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் சல்ஃப்யூரிக் அமிலமும் இருக்கும். பள்ளி லேப்புக்கு அது தேவைப்படாது. பாட்டிலை மாற்றினால் போதும்.

ஆக்சாலிக் அமிலம்: முதல் சொட்டிலேயே நிறம் நின்றுவிட்டது

“எனக்கு 0.1 மி.லி.யிலேயே எண்ட் பாயின்ட் வந்துடுச்சு” என்று ஒரு பையன் ரெக்கார்டில் எழுதியே கொண்டு வந்தான். அது எண்ட் பாயின்ட் இல்லை. வினை இன்னும் தொடங்கவே இல்லை.

ஆக்சலேட்டும் பெர்மாங்கனேட்டும் குளிர்ந்த நிலையில் மிக மெதுவாகத்தான் வினைபுரியும். அமிலம் சேர்த்தபின் குடுவையை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால், கரைசலிலிருந்து ஆவி எழத் தொடங்கி, குடுவையின் கழுத்தைக் கை தாங்க முடியாத அளவு சூடு. கொதிக்கவிடக் கூடாது, அதிகச் சூட்டில் ஆக்சாலிக் அமிலமே சிதைந்து ரீடிங் குறைந்துவிடும்.

சூடாக்கிய பிறகும் முதல் சொட்டு கொஞ்ச நேரம் நிற்கும். இதைப் பொறுமையாகப் பாருங்கள், வேதியியலில் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அழகான காட்சிகளில் இது ஒன்று. முதல் சொட்டு விழுகிறது. குடுவையைச் சுழற்றுகிறோம். இளஞ்சிவப்பு அசையாமல் நிற்கிறது. இன்னும் சுழற்றுகிறோம். திடீரென்று மங்கி, ஒரு நொடி மஞ்சள் சாயல் காட்டி, மறைகிறது. இரண்டாவது சொட்டு அதைவிடச் சீக்கிரம் மறையும். ஐந்தாறு சொட்டுக்குப் பிறகு விழ விழ மறையும். வலப்பக்கம் நாம் எழுதிய மாங்கனஸ் அயனிதான் இந்த வினைக்கு ஊக்கி. தொடக்கத்தில் குடுவையில் அது ஒன்றுகூட இல்லை. முதல் சொட்டு வினைபுரிந்து பிறந்த மாங்கனஸ், அடுத்த சொட்டுக்கு வழி திறந்துவிடுகிறது. தன்வினையூக்கம் என்று பாடத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோமே, அது இதுதான். எனவே முதல் சொட்டு மறையும் வரை இரண்டாவதை விடாதீர்கள். அவசரப்பட்டு இரண்டு மி.லி. ஒரேயடியாக விட்டால் பழுப்பில் போய் முடியும்.

முடிவை நெருங்கும்போது குடுவை ஆறிப்போய் மறுபடி நிறம் மெதுவாக மறைய ஆரம்பித்தால் திரும்பச் சூடாக்கிக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு மோர் உப்பையும் ஃபெரஸ் சல்ஃபேட்டையும் சூடாக்கிவிடாதீர்கள். அவை அறை வெப்பத்திலேயே உடனே வினைபுரியும். சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஃபெரஸை ஃபெரிக் ஆக்கிவிடும். பெர்மாங்கனேட்டுக்கு வேலை குறையும்.

எண்ட் பாயின்ட் வந்தது, பிறகு நிறம் போய்விட்டது

முப்பது விநாடி நின்றதா? நின்றிருந்தால் அதுதான் முடிவு, ரீடிங்கைக் குறித்துக்கொண்டு நகருங்கள். அதன் பிறகு மங்குவது இயல்பு. எஞ்சிய துளி பெர்மாங்கனேட், குடுவையில் நிறைய இருக்கும் மாங்கனஸ் அயனியுடனேயே மெதுவாக வினைபுரியும். காற்றில் வரும் தூசியும் அதைக் குறைக்கும். மங்க மங்க ஒவ்வொரு சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போகிற பிள்ளைகள் அரை மி.லி. வரை தள்ளிவிடுகிறார்கள்.

வேண்டிய நிறம் மிக மெல்லிய இளஞ்சிவப்பு. வெள்ளைத் தாளை அடியில் வைத்தால்தான் தெரியும் அளவுக்கு மெல்லியது. பன்னீர் ரோஜா நிறம் வந்தால் தாண்டிவிட்டீர்கள். பெர்மாங்கனேட்டின் நிறம் அவ்வளவு ஆழமானது என்பதால்தான் தனியாக ஒரு நிறங்காட்டி தேவைப்படுவதில்லை.

ரீடிங்குகள் ஒத்து வரவில்லை

18.2, 18.9, 18.4. இப்படி வந்தால் சராசரி எடுக்கக் கூடாது. இரண்டு ரீடிங் 0.1 மி.லி.க்குள் ஒத்து வரும்வரை செய்ய வேண்டும். முதல் ரீடிங் மட்டும் கூடுதலாகவும் அடுத்த இரண்டும் ஒன்றாகவும் இருந்தால் கவலை வேண்டாம், முதல் முறை எங்கே முடியும் என்று தெரியாமல் தாண்டியிருப்பீர்கள்.

மற்றபடி, ரீடிங் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். அதிலேயே காரணம் இருக்கும்.

கூடிப் போனால்: பியூரெட்டைத் தண்ணீரில் கழுவியதோடு நிறுத்திவிட்டீர்கள், பெர்மாங்கனேட்டால் அலசவில்லை, உள்ளே ஒட்டியிருந்த நீர் கரைசலை நீர்த்துவிட்டது. அல்லது கூம்புக் குடுவையை மோர் உப்புக் கரைசலால் அலசிவிட்டீர்கள். பியூரெட்டும், குடுவைக்குக் கரைசலை அளந்து எடுக்கும் பிப்பெட்டும் அதனதன் கரைசலால் அலசப்பட வேண்டும், குடுவை மட்டும் காய்ச்சி வடித்த நீரால். குடுவைக்குள் எத்தனை மில்லிமோல் போகிறது என்பதுதான் கணக்கு. நீர் கூடினால் அது மாறாது, கரைசல் ஒட்டியிருந்தால் மாறும். அல்லது பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழ் இருந்து, நடுவில் வெளியேறியது. குமிழ் இருந்த இடத்தைக் கரைசல் நிரப்பிக்கொண்டது, குடுவைக்கு வராமலேயே அளவு இறங்கிவிட்டது. அல்லது பிப்பெட்டின் கடைசித் துளியை ஊதி இறக்கினீர்கள். அந்தத் துளி அங்கேயே இருக்க வேண்டியது. அதையும் கணக்கில் வைத்துத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுத்தால் போதும்.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. ரப்பர் பல்ப் விலை அதிகமில்லை.

குறைந்து போனால்: பியூரெட்டின் மேல் புனலை வைத்தபடியே டைட்ரேஷன் செய்திருப்பீர்கள். புனலில் தங்கிய சொட்டுகள் நடுவில் இறங்கி அளவை உயர்த்திவிடும். பிப்பெட்டில் நீர் ஒட்டியிருந்தாலும் குறையும்.

ரீடிங் முறைக்கு முறை படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தால் ஃபெரஸ் கரைசலைச் சந்தேகியுங்கள். அமிலம் சேர்க்காமல் வெறும் நீரில் கரைத்த மோர் உப்பு, நேரம் போகப் போக மஞ்சளாகிக் கலங்கும். அதிலுள்ள ஃபெரஸ் காற்றில் ஃபெரிக் ஆகிக்கொண்டிருக்கிறது. மோர் உப்பைக் கரைக்கும்போதே சல்ஃப்யூரிக் அமிலம் கொஞ்சம் சேர்த்தால் இது கட்டுக்குள் இருக்கும்.

கூடிக்கொண்டே போனால் குழாய் கசிகிறது. நுனியைத் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். சொட்டு திரண்டால் விடை கிடைத்துவிட்டது. இங்கே ஒரு தகவல். நம் மோர் உப்புக்குப் பெயர் தந்த ஜெர்மானிய வேதியியலர் கார்ல் ஃபிரெடரிக் மோர் (1806–1879) ரப்பர்க் குழாயில் கிளிப் மாட்டிய பியூரெட்டுக்கும் பெயர் பெற்றவர். ஆனால் மோர் உப்பை டைட்ரேட் செய்ய மோர் பியூரெட் உதவாது. பெர்மாங்கனேட் ரப்பரை அரிக்கும். திறந்து மூடும் குழாயும் கண்ணாடியாலான பியூரெட்தான் வேண்டும். இரும்பைப் பெர்மாங்கனேட்டால் அளக்கும் முறையை 1846-இல் கொண்டுவந்தவர் பிரான்சின் மார்கெரித். நூற்றெழுபது ஆண்டுகளைத் தாண்டியும் பள்ளி மேசையில் நாம் செய்வது அதே வேலைதான்.

பிறகு, கண். நிறமற்ற கரைசலில் மேற்பரப்பு வளைவின் அடியைப் பார்க்கிறோம். பெர்மாங்கனேட்டில் அடி தெரியாது, மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் வேறொன்று என்று மாற்றிப் பார்த்தால் மட்டுமே சிக்கல். இரண்டு முறையும் மேல் விளிம்பையே கண் மட்டத்தில் பார்த்தால் கழிக்கும்போது சரியாகிவிடும்.

பாட்டிலில் 0.1 நார்மல் என்று இருக்கிறது, எனக்கு 0.093 வருகிறது

தப்பே இல்லை. நார்மல் என்பது லிட்டருக்கு எத்தனை சமான எடை (மூலக்கூறு எடையை எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தது) கரைந்திருக்கிறது என்ற அளவு. பெர்மாங்கனேட்டை எடைபோட்டுக் கரைத்தால் சொன்ன வலிமை அப்படியே நிற்காது. மோர் உப்பையும் ஆக்சாலிக் அமிலத்தையும் அப்படி எடைபோட்டு நம்பலாம். 250 மி.லி.யில் 0.1 நார்மல் வேண்டுமென்றால் மோர் உப்பு 9.8 கிராம், ஆக்சாலிக் அமிலப் படிகம் 1.575 கிராம். முதல் டைட்ரேஷன் வலிமை தெரிந்த திட்டக் கரைசலோடு, இரண்டாவது டைட்ரேஷன் தெரியாத கரைசலோடு என்று இரண்டு வைத்திருப்பது பெர்மாங்கனேட்டின் அன்றைய வலிமையை அன்றே கண்டுபிடிக்கத்தான். பாட்டிலின் லேபிளைக் கணக்கில் போடாதீர்கள்.

ரீடிங் ஒத்து வந்தது, விடை ஒத்து வரவில்லை

இங்கே தாள் நேரடியாகப் பேசும். உங்கள் விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் எந்தத் தப்பு என்று சொல்லிவிடும்.

0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) மோர் உப்பு 20 மி.லி.க்குப் பெர்மாங்கனேட் 20 மி.லி. ஆனது என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 0.02 மோலார். 0.1 என்று வந்தால் 5 மடங்கு. சமன்பாட்டிலுள்ள 5-ஐயே மறந்து இரண்டு கரைசலின் பெருக்கல்பலனையும் (மி.லி. × மோலார்) நேராகச் சமப்படுத்திவிட்டீர்கள். 0.5 என்று வந்தால் 25 மடங்கு. 5 நினைவிருந்தது, ஆனால் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள்.

ஆக்சாலிக் அமிலத்தில் 0.05 மோலார் 20 மி.லி.க்குப் பெர்மாங்கனேட் 20 மி.லி. என்றால் இங்கும் விடை 0.02 மோலார்தான். 2.5 மடங்கு தப்பினால் 2-க்கு 5 என்ற விகிதம் விடுபட்டது. 6.25 மடங்கு தப்பினால் விகிதம் கவிழ்ந்தது. சந்தேகம் வந்தால் சூத்திரத்தை விட்டுவிட்டு மில்லிமோலில் யோசியுங்கள். 20 மி.லி. × 0.05 என்றால் ஆக்சலேட் 1 மில்லிமோல். 5 ஆக்சலேட்டுக்கு 2 பெர்மாங்கனேட் என்றால் 1-க்கு 0.4. அதை 20 மி.லி.யால் வகுத்தால் 0.02. இந்த வழியில் கவிழவே முடியாது.

நார்மாலிட்டியில் போடுகிறவர்களுக்கு இந்த 5 வெளியே தெரியாது, சமான எடைக்குள் ஒளிந்திருக்கும். பெர்மாங்கனேட்டின் 158-ஐ 5-ஆல் வகுத்துத்தான் 31.6 என்று எழுதுகிறோம். ஆக்சாலிக் அமிலத்தின் 126-ஐ 2-ஆல் வகுத்து 63. எண்களை மனப்பாடம் செய்த பிள்ளை, நடுநிலை ஊடகம் என்று கேள்வி மாறினால் தடுமாறும். அங்கே எலக்ட்ரான் 3, ஆகவே 52.67.

படிக நீரை மறப்பது இன்னொரு வகை. ஃபெரஸ் சல்ஃபேட் படிகத்தில் 7 நீர் மூலக்கூறு உண்டு. சமான எடை 278. நீரை விட்டுவிட்டு 152 போட்டால் விடை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். மோர் உப்பில் 6 நீர், எடை 392. ஆக்சாலிக் அமிலத்தில் 2 நீர். அதை விட்டு 45 போட்டவருக்கு விடை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்து நிற்கும்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்த்துவிடலாம். 0.1 நார்மல் மோர் உப்பு 20 மி.லி.க்குப் பெர்மாங்கனேட் 19.6 மி.லி. ஆனது. பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி 20 × 0.1 ÷ 19.6 = 0.1020. தெரியாத ஃபெரஸ் சல்ஃபேட் 20 மி.லி.க்கு அதே பெர்மாங்கனேட் 18.4 மி.லி. ஆனது. 18.4 × 0.1020 ÷ 20 = 0.0938 நார்மல். 278-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 26.1 கிராம். கேள்வி 500 மி.லி.க்குக் கேட்டால் 13.05 கிராம். கடைசி வரியிலுள்ள இந்தப் பாதியாக்கலை மறந்துவிட்டு, “எல்லாம் சரியாத்தானே மிஸ் பண்ணேன்” என்று கண் கலங்கி நின்ற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. கேள்வித்தாளில் எத்தனை மி.லி. என்று கேட்டிருக்கிறதோ அதை முதலிலேயே வட்டமிட்டு வையுங்கள்.

பியூரெட் உள்ளே பழுப்புக் கறை, கழுவினால் போகவில்லை

பெர்மாங்கனேட்டை உள்ளேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் இதுதான். தண்ணீரும் சோப்பும் இதை அசைக்காது, பிரஷ் போட்டுத் தேய்த்தால் கண்ணாடி கீறும். கறையாக ஒட்டியிருப்பது முதலில் குடுவையைக் கலக்கிய அதே மாங்கனீசு டை ஆக்சைடுதான். பாதி வழியில் நின்றுபோன மாங்கனீசு. அதற்கு மீதி 2 எலக்ட்ரானையும் ஹைட்ரஜன் அயனியையும் கொடுத்தால் மாங்கனஸாகி நீரில் கரைந்துவிடும். இரண்டையும் தருவது நம் மேசையிலேயே இருக்கிறது. ஆக்சாலிக் அமிலக் கரைசலோடு நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம் கொஞ்சம் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு பியூரெட்டில் ஊற்றி நிறுத்தி வையுங்கள். சிறிது நேரத்தில் கறையின் ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பும், கார்பன் டை ஆக்சைடு. பழுப்பு மெல்ல வெளிறி, பின்னாலிருக்கும் கோடுகளும் எண்களும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். குழாயைத் திறந்து வடித்துவிட்டு, தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, தலைகீழாக மாட்டி வையுங்கள்.